14,500 ரூபாய்க்கு ‘ஐ5’ கணினி: வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

அலுவலகத்துக்கு மொத்தமாகக் கணினி வாங்குவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

ஜவுளி மொத்த வியாபாரி, ஈரோடு: கணக்குப் பிரிவுக்கும் பில் போடவும் 12 கணினிகள் தேவை. ஒரு கடைக்காரர் ‘ஐ5 பிராசஸர், 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., எல்லாம் புதுசு, ஒரு வருட வாரண்டி’ என்று, மானிட்டர் இல்லாமல் 14,500 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். இன்னொருவர் ஐ3, 8 ஜி.பி. என்று போட்டுவிட்டு இரண்டு மடங்கு கேட்கிறார். ஐ5-ஐ விட ஐ3 எப்படி விலை கூடும்?

முதல் கொட்டேஷனில் ஒரு எண் விடுபட்டிருக்கிறது. கடைக்காரர் மறந்து விட்டிருக்க மாட்டார்.

ஐ5 என்பது குடும்பப் பெயர். 2009 முதல் அந்தப் பெயரில் பிராசஸர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வயதைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் எண். ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012இல் வந்தது. ஐ5-4570 நான்காம் தலைமுறை, 2013. ஐ3-12100 பன்னிரண்டாம் தலைமுறை, 2022. ஒரு நேரத்தில் ஒரு வேலை என்ற கணக்கில் பார்த்தால் அந்த ஐ3, பழைய ஐ5-ஐ விட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். டேலியும் எக்செல்லும் பெரும்பாலும் அப்படித்தான் ஓடுகின்றன.

இந்த விலையில் கிடைக்கும் ‘புது’ ஐ5 எப்படி உருவாகிறது தெரியுமா? பெரிய நிறுவனங்கள் கழித்துக் கட்டிய கணினிகளில் இருந்து மூன்றாம், நான்காம் தலைமுறை பிராசஸரைக் கழற்றுகிறார்கள். அதற்குப் பொருந்தும் எச்61, எச்81 வகை மதர்போர்டுகள் பெயர் தெரியாத கம்பெனிகளின் முத்திரையோடு சீனாவில் இருந்து இப்போதும் வருகின்றன. டி.டி.ஆர்.3 ரேம், விலை குறைந்த எஸ்.எஸ்.டி., கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும் வைத்த கேபினெட், அவ்வளவுதான். போர்டும் பெட்டியும் புதிது என்பதால் ‘புதுசு’ என்பது முழுப் பொய்யும் இல்லை!

வாங்கினால் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். முதலாவது, விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இந்தப் பழைய பிராசஸரிலும் விண்டோஸ் 11-ஐப் பின்வாசல் வழியாகப் போட்டுத் தருவார்கள், ஓடவும் ஓடும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் ஆள் உட்கார்ந்து போட வேண்டும். இரண்டாவது, அந்த மதர்போர்டு போனால் அதே போர்டு கிடைக்காது. வேறு எதையாவது வைத்து ஒப்பேற்றுவார்கள். ஒரே ஆண்டில் உங்கள் 12 கணினியும் 12 விதமாகிவிடும். மூன்றாவது, கடையைத் தவிர அந்த வாரண்டிக்கு வேறு பொறுப்பாளி கிடையாது.

எனவே எந்தக் கடைக்காரரானாலும் கொட்டேஷனை இந்த அளவுக்கு விவரமாக எழுதச் சொல்லுங்கள்: பிராசஸரின் முழு எண், அது கம்பெனி பாக்ஸில் வந்ததா, பாக்ஸ் இல்லாமல் மொத்தமாக ட்ரேயில் வந்ததா, மதர்போர்டின் கம்பெனியும் மாடலும், ரேம் எந்தக் கம்பெனி, அதன் தலைமுறையைச் சொல்லும் டி.டி.ஆர். எத்தனை, 8 ஜி.பி. ரேம் ஒரே குச்சியா (ஒரே பலகையா) 4 ஜி.பி. குச்சி இரண்டா, எஸ்.எஸ்.டி. பழைய சாட்டா இணைப்பா வேகமான என்.வி.எம்.இ.யா, மாடல் பெயர், எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) கம்பெனி, வாட், அது கேபினெட்டோடு வந்ததா தனியா. விண்டோஸ் லைசென்ஸ் உண்டா, ஹோமா புரோவா. ‘இன்டெல் ஐ5, கிகாபைட் போர்டு’ என்று அரைகுறையாக எழுதித் தரும் கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பிராசஸர் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐ3-12100எஃப் சில ஆயிரம் மலிவு, ஆனால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாமல் திரையில் படமே வராது. அதற்கென்று பத்து வருடப் பழைய கார்டு ஒன்றைச் செருகித் தருவார்கள். மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடும்; கூடவே கெட்டுப்போக ஒரு பாகமும் சேர்ந்துவிடும்.

மேலாளர், சிட் ஃபண்ட் நிறுவனம், திருச்சி: டேலி, எக்செல், வாட்ஸ்அப் வெப், ஜி.எஸ்.டி. தளம், வங்கி தளம். இவ்வளவுதான் வேலை. 8 ஜி.பி. போதுமா, 16 வேண்டுமா?

விண்டோஸ் 11 எழுந்து உட்காரவே மூன்று நாலு ஜி.பி. எடுத்துக்கொள்கிறது. குரோமில் பத்துப் பதினைந்து டேப் திறந்தால் மீதியும் காலி. டேலி மட்டும் ஓடும் கணினிக்கு 8 தாராளம். நாள் முழுக்கப் பிரவுசரில் இருப்பவருக்கு 16.

நாங்கள் சொல்வது: எல்லாவற்றுக்கும் 8 ஜி.பி. ஒரே குச்சியாக வாங்குங்கள், போர்டில் ஒரு ஸ்லாட் காலியாக இருக்கட்டும். யார் கணினி திணறுகிறதோ அவருக்கு மட்டும் இன்னொரு 8 போடலாம். நாலு நாலாக இரண்டு குச்சி வாங்கினால் அடுத்த முறை இரண்டையும் கழற்றி எறிய வேண்டிவரும், ஏனென்றால் ஐ3-12100-க்குப் போடும் மலிவான எச்610 போர்டில் இருப்பதே இரண்டு ஸ்லாட்தான். இரண்டு குச்சி இருந்தால் உள்கிராபிக்ஸ் கொஞ்சம் வேகமாகும் என்பது உண்மை. கணக்கு எழுதுபவருக்கு அது தெரியப்போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. 2025 கடைசியில் இருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதே காரணம். இப்போது பல கடைகள் இரண்டு மூன்று நாளைக்கு மட்டுமே செல்லும் என்றுதான் விலை எழுதித் தருகின்றன. கையெழுத்துக்காக ஃபைல் மேசை மேசையாக ஒரு மாதம் சுற்றும் அலுவலகம் என்றால், ‘பி.ஓ. (கொள்முதல் ஆணை) வரும் நாள் வரை விலை மாறாது’ என்று முன்பே எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் விலை அப்படியே இருக்கும், ரேம் கம்பெனி மட்டும் சத்தமில்லாமல் மாறிவிடும்.

தணிக்கையாளர் அலுவலகம், மதுரை: 20 கணினிகள். பிராண்டட் வாங்குவதா, ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து கொண்டுவருவதா?

20 கணினிக்கு, அதுவும் மதுரையில் இருந்துகொண்டு, பிராண்டட் பக்கமே எங்கள் ஓட்டு. ஆனால் ஒரு நிபந்தனையோடு: எச்.பி., டெல், லெனோவோ, ஏசர் ஆகியவற்றின் வணிக வரிசையாக, மூன்று வருட ஆன்-சைட் வாரண்டியோடு (பழுதானால் கம்பெனி ஆளே உங்கள் இடத்துக்கு வருவார்) இருக்க வேண்டும். கடையில் அடுக்கி வைத்திருக்கும் வீட்டு உபயோக மாடல் பெரும்பாலும் ஒரு வருட வாரண்டியோடு வரும். ‘கேரி-இன்’ என்று எழுதியிருந்தால் சர்வீஸ் சென்டருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியது நீங்கள்தான். ஐந்துக்கு மேல் வாங்கும்போது சில்லறைக் கடையை விட்டு, நிறுவனங்களுக்கு விற்கும் டீலரிடம் கேளுங்கள். பட்டியல் விலைக்கும் அவர் வாங்கித் தரும் ‘ஸ்பெஷல் பிரைஸ்’ஸுக்கும் நல்ல இடைவெளி இருக்கும். எந்த நிறுவனத்துக்கு, எத்தனை எண்ணிக்கை என்று கம்பெனியிடம் பதிவுசெய்து அவர் அந்த விலையை வாங்குகிறார். முதலில் பதிவுசெய்த டீலருக்கே சலுகை போகும் என்பதால், நாலு டீலரிடம் ஒரே மாடலைக் கேட்டால் மற்ற மூவர் சொல்லும் விலை கூடுதலாகவே இருக்கும். ஒவ்வொரு டீலரிடமும் வேறு வேறு கம்பெனியின் கணினிக்கு விலை கேட்பது புத்திசாலித்தனம்.

பிராண்டட் பெட்டியின் பலவீனம் வாரண்டி முடிந்த மறுநாள் தெரியும். பல மாடல்களில் எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு இரண்டுமே அந்தக் கம்பெனிக்கென்று தனி அளவில், தனி பின்னோடு இருக்கும். கடையில் கிடைக்கும் பொது அளவான ஏ.டி.எக்ஸ். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே போகாது. 20 கணினியும் ஒரே மாடல் என்றால் இதற்கும் வழி இருக்கிறது: இரண்டு பழுதானால் ஒன்றைக் கழற்றி மற்றதற்குப் போடலாம். ஒரே மாடலாக வாங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

அசெம்பிள்தான் என்று முடிவெடுத்தால், ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி வேறு என்பதை மனதில் வையுங்கள். பாக்ஸ் பிராசஸருக்கு இன்டெல் மூன்று வருடம் தருகிறது. ட்ரே பிராசஸர் என்றால் கடைக்காரர் சொல்வதுதான் வாரண்டி. கணினி நின்றுபோனால் எந்தப் பாகம் போனது என்று கண்டுபிடித்து, கழற்றி, அந்தந்தக் கம்பெனி சென்டருக்கு அனுப்ப உங்களிடம் ஆள் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை வந்துபோகும் சர்வீஸ் பையனை நம்பி 20 அசெம்பிள் கணினி வாங்குவது சரிப்படாது. சொந்தமாக ஒரு ஹார்டுவேர் ஆள் சம்பளத்தில் இருந்தால் அசெம்பிள் நன்றாகவே வரும், பழுது பார்க்கும் செலவும் குறையும்.

எதை வாங்கினாலும் 20-க்கு 21 வாங்குங்கள். அந்த ஒன்று ஓரமாக நிற்கட்டும்.

ஏற்றுமதி நிறுவனம், திருப்பூர்: சென்னை, பெங்களூரு ஐ.டி. கம்பெனிகள் கழித்த ‘ரீஃபர்பிஷ்டு’ கணினிகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. தையல் கூடத்தில் உற்பத்தி எண்ணிக்கை பதிய 15 வேண்டும். தைரியமாக வாங்கலாமா?

வாங்கலாம். முதல் கேள்விக்கான பதிலில் திட்டிய 14,500 ரூபாய்ப் பெட்டியைவிட இது எவ்வளவோ மேல். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவை குளிர்சாதன அறையில், நல்ல கரண்டில் ஓடியவை. போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் கெட்டி.

எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். ஐ5-8500 என்றால் ஆறு கோர், விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். ஐ5-6500, ஐ5-7500 இரண்டும் வெளியே அதே பெட்டி மாதிரி இருக்கும், விலையும் ஆசை காட்டும். விண்டோஸ் 11 பட்டியலில் அவை இல்லை.

வரும் பெட்டியில் பார்க்க வேண்டியவை: டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பிராசஸர் எண். கிறிஸ்டல்டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்.எஸ்.டி. எத்தனை மணி நேரம் ஓடியது, ஆயுள் எத்தனை விழுக்காடு மிச்சம் என்ற விவரம். 20,000 மணி நேரம் ஓடிய டிஸ்க்கை மாற்றித்தரச் சொல்லுங்கள், அல்லது டிஸ்க் இல்லாமல் வாங்கி நீங்களே புது எஸ்.எஸ்.டி. போடுங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் போர்டு மென்பொருள்) பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு எடுக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். எடுக்காவிட்டால் பென்டிரைவில் இருந்து விண்டோஸ்கூடப் போட முடியாமல் போகலாம். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அரை மணி கழித்துப் போடுங்கள். தேதி பின்னோக்கிப் போயிருந்தால் போர்டில் உள்ள சி.ஆர்.2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. சில பத்து ரூபாய் பொருள்தான், ஆனால் தேதி தவறினால் வங்கித் தளமும் ஜி.எஸ்.டி. தளமும் திறக்காது.

தையல் கூடம் என்பதால் இன்னொன்று. பஞ்சுத் தூசி பிராசஸர் ஃபேனில் கம்பளி மாதிரி படியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயர் பிடிக்க வேண்டும். அப்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். கேபினெட்டுக்குப் பின்னால் கார்டு போடும் ஓட்டைகளுக்கு மூடித் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வழியாகப் பல்லி உள்ளே போய் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஒட்டிக்கொண்டால் இரண்டும் சேர்ந்தே போகும், வாரண்டியும் கிடைக்காது.

அச்சக உரிமையாளர், சிவகாசி: ‘விண்டோஸ், ஆபீஸ் எல்லாம் போட்டே தருகிறோம்’ என்கிறார்கள். லைசென்ஸ் என்று தனியாகப் பணம் கொடுக்க வேண்டுமா?

‘போட்டுத் தருவது’ வேறு, லைசென்ஸ் வேறு. பில்லில் விண்டோஸ் என்று தனி வரி இல்லையென்றால், அல்லது பிராண்டட் கணினியின் மாடல் விவரத்தில் விண்டோஸ் என்று இல்லையென்றால், போட்டிருப்பது திருட்டு நகல் என்றே கொள்ளுங்கள். அதை ‘ஆக்டிவேட்’ செய்யும் கருவியை ஓட்ட முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அந்தச் சந்தில் என்ன உள்ளே வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஒரு கணினியில் நுழைந்து, நெட்வொர்க் வழியாக டேலி டேட்டா ஃபோல்டரையும் பூட்டிவிட்டால் லைசென்ஸ் செலவு சில்லறையாகத் தெரியும். சட்டமும் இருக்கிறது: 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறையும் 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது.

இணையத்தில் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்கு விற்கும் ‘கீ’களும் இதே ரகம்தான். ஏதோ ஒரு நிறுவனத்தின் மொத்த லைசென்ஸில் இருந்து கசிந்தவை பல; இன்று ஏற்கும், ஆறு மாதத்தில் செல்லாது என்று வரும்.

அசெம்பிள் கணினியில் போடும் ஓ.இ.எம். (புதுக் கணினியோடு சேர்த்து விற்கும்) லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு கட்டுப்பட்டது. வேறு கணினிக்கு மாற்ற முடியாது. ஹோமா, புரோவா என்றால்: டொமைன் சர்வர் வைத்து எல்லோருடைய லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கப் போகிறீர்கள், அல்லது வெளியில் இருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் அந்தக் கணினிக்குள் நுழையப் போகிறீர்கள் என்றால் புரோ வேண்டும். பிரின்டரையும் ஃபோல்டரையும் பகிர்வதோடு சரி என்றால் ஹோம் போதும். ஹோமில் இருந்து புரோவுக்குப் பிறகு மாறுவதைவிட, வாங்கும்போதே புரோவோடு வாங்குவது மலிவு.

ஆபீஸில் ஒரு கண்ணி உண்டு. சில கணினிகளோடு இலவசமாக வந்த ‘ஆபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 2021’ வீட்டு உபயோகத்துக்கு மட்டும். அலுவலக வேலைக்கு அந்த லைசென்ஸ் செல்லாது. கடிதமும் சாதாரணக் கணக்கு அட்டவணையும் மட்டும் என்றால் இலவசமான லிப்ரேஆபீஸ் போதும். மேக்ரோ (தானாக வேலை செய்யும் கட்டளைகள்) எழுதிய எக்செல் கோப்புகள் மட்டும் அதில் முரண்டு பிடிக்கும். எல்லோருக்கும் ஒன்றே வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? உண்மையாகவே எக்செல் தெரிந்த நாலு பேருக்கு மைக்ரோசாஃப்ட், மற்றவர்களுக்கு லிப்ரே.

லினக்ஸ் பற்றியும் யோசிக்கலாம். பிரவுசர் மட்டும் பயன்படுத்தும் மேசைகளுக்கு உபுண்டு 24.04 நன்றாகப் பொருந்தும். அதற்கு 2029 வரை அப்டேட் உண்டு. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. டேலி ஓடும் கணினியையும், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகும் கணினியையும் விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள். டோக்கன் டிரைவரோடு லினக்ஸில் மல்லுக்கட்ட நேரம் இருப்பவர்கள் குறைவு.

கூட்டுறவுச் சங்கச் செயலாளர், கும்பகோணம்: புதிதாக 20 கணினி போட்டோம். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று கரண்ட் அடிக்கிறது. யு.பி.எஸ். மாறும்போது நாலைந்து கணினி ரீஸ்டார்ட் ஆகிறது. கணினி மட்டமா?

கணினியைக் குறை சொல்வதற்கு முன் சுவரைப் பாருங்கள். ஒவ்வொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள்ளும் மின்னிரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸில் இருந்து கேபினெட்டின் உலோக உடற்பகுதிக்கு, மற்றது நியூட்ரலில் இருந்து உடற்பகுதிக்கு. அங்கே சேரும் கசிவு எர்த் வழியாக இறங்க வேண்டும். எர்த் இல்லையென்றால் கேபினெட்டில் சப்ளையில் பாதி, சுமார் 115 வோல்ட் நிற்கும். ஒரு கணினியில் கசிவது ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான், சுருக்கென்பதோடு போகும். ஆனால் உங்கள் 20 கணினியின் எர்த் ஒயரும் ஒன்றாகச் சேர்ந்து, அந்த மெயின் ஒயர் மட்டும் எர்த் குழிக்குப் போகாமல் அறுந்திருந்தால், இருபது கசிவும் கூடி, தொடுபவர் உடம்பு வழியாக இறங்கும். அது சுருக்கென்பதோடு நிற்காது. இதைச் சரிசெய்யும்வரை அந்த அறையில் வேலை வேண்டாம்.

எலெக்ட்ரீஷியனை அழைத்து ஒவ்வொரு பிளக்கிலும் மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸ்–நியூட்ரல் 230 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், ஃபேஸ்–எர்த்தும் அதே அளவில். நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். ஃபேஸ்–எர்த் குறைவாகக் காட்டினால் எர்த் இணைப்பு போயிருக்கிறது. நியூட்ரல்–எர்த் பத்து, இருபது என்று ஏறினால் நியூட்ரலும் தளர்ந்திருக்கலாம். அது முற்றிலும் விட்டுப்போனால் மூன்று ஃபேஸ் கட்டடத்தில் ஒரு வரிசைக் கணினிகள் ஒரே நொடியில் எரிந்துபோகும்.

எர்த் சரியான பிறகு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணையும் பிரேக்கர்) அடிக்கடி விழ ஆரம்பிக்கலாம். அதுவும் கணினியின் கோளாறு அல்ல. 20 கணினியின் இயல்பான கசிவு ஒரே பிரேக்கரில் கூடினால் அது எல்லைக்கு அருகில் போய்விடும். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றச் சொல்லும் எலெக்ட்ரீஷியனை மாற்றுங்கள். கணினிகளை ஏழெட்டாகப் பிரித்து மூன்று லைனில், மூன்று ஆர்.சி.சி.பி.யில் போடுவதுதான் வழி.

ரீஸ்டார்ட் விஷயத்தில் பாதிப் பழி எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குத்தான். சாதாரண யு.பி.எஸ். கரண்டில் இருந்து பேட்டரிக்கு மாற சில மில்லி விநாடி எடுக்கும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். 16 மில்லி விநாடி அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். கேபினெட்டோடு இலவசமாக வரும் ‘450 வாட்’ எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கெப்பாசிட்டரைச் சிறிதாக வைத்துக் காசு மிச்சம் பிடித்திருப்பார்கள், அது அந்த இடைவெளியைத் தாங்காது. கையில் தூக்கிப் பார்த்தாலே எடையில் தெரியும்.

20 கணினிக்கு 20 சின்ன 600 வி.ஏ. யு.பி.எஸ். வாங்குவது பார்க்க மலிவு. இரண்டு மூன்று வருடத்தில் இருபது பேட்டரியும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கும், மாதம் இரண்டு என்று மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். பதிலாக எப்போதும் இன்வெர்ட்டர் வழியாகவே கரண்ட் தரும் ஒரே ஆன்லைன் யு.பி.எஸ். போட்டால் மாறும் இடைவெளியே கிடையாது. கணக்கு இதுதான்: எஸ்.எஸ்.டி. போட்ட ஐ3 கணினியும் 22 அங்குல எல்.இ.டி. மானிட்டரும் சேர்ந்து அலுவலக வேலையில் 70 வாட் என்று வையுங்கள். இருபதுக்கு 1,400 வாட். 3 கே.வி.ஏ. ஆன்லைன் யு.பி.எஸ். தாராளமாகத் தாங்கும். எட்டு பேட்டரி வைக்கும் 96 வோல்ட் மாடலில் 42 ஆம்பியர்-மணி பேட்டரி போட்டால், இழப்பெல்லாம் கழித்து ஒன்றரை மணி நேரம் எதிர்பார்க்கலாம். லேசர் பிரின்டரை மட்டும் அந்த லைனில் செருகவே கூடாது. தாளைச் சுடவைக்கும் ஃபியூசர் சூடேறும் ஒவ்வொரு முறையும் பல நூறு வாட் இழுத்து யு.பி.எஸ்.ஸைத் திணறடிக்கும்.

டிராவல்ஸ் நிறுவனம், நாகர்கோவில்: உள்ளங்கை அளவு மினி பி.சி., என்100 பிராசஸரோடு மலிவாகக் கிடைக்கிறதே?

டிக்கெட் போடும் கவுன்டருக்கு நல்லது. நாலு சிறிய கோர், கரண்ட் செலவு மிகக் குறைவு, மானிட்டருக்குப் பின்னாலேயே மாட்டிவிடலாம். பெரிய எக்செல் கோப்பும் முப்பது டேப்பும் திறந்தால் மூச்சு வாங்கும். பெயர் தெரிந்த கம்பெனியின் மாடலாக வாங்குங்கள். மற்றவற்றில் அடாப்டர் போனால்கூட அதே வோல்ட், அதே பின் தேடி அலைய வேண்டும். மேசையோடு பிணைக்கும் பூட்டுத் துளை இருக்கிறதா பாருங்கள், சட்டைப் பையிலேயே போய்விடும் சாமான் இது.

கணக்காளர், சேலம்: கணினி வாங்கிய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்கலாமா?

பதிவுபெற்ற நிறுவனம், வரிக்கு உட்பட்ட தொழில் என்றால் 18 விழுக்காடு முழுவதையும் உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும், அது ஜி.எஸ்.டி.ஆர்.-2பி-யில் (விற்பவர்கள் தாக்கல் செய்த பில்களை உங்களுக்குக் காட்டும் பட்டியல்) வந்திருக்க வேண்டும். விற்பவர் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) இருந்தால் அவர் தரும் ‘பில் ஆஃப் சப்ளை’யில் வரவு கிடைக்காது. ரீஃபர்பிஷ்டு வாங்கும்போதும் வரி தனியாகக் காட்டிய பில்லா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்; விலை ஒப்பீடே அதில் மாறிவிடும். 180 நாளுக்குள் கடைக்காரருக்குப் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த வரவைத் திருப்ப வேண்டும். வரவு எடுத்த தொகைக்குத் தேய்மானம் கேட்க முடியாது. வருமான வரியில் கணினிக்குத் தேய்மானம் 40 விழுக்காடு. அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் பாதிதான், ஆகவே தீபாவளி ஆஃபருக்குக் காத்திருந்தால் தேய்மானத்தில் பாதி அந்த வருடம் நழுவக்கூடும்.

தனியார் பள்ளி நிர்வாகி, தருமபுரி: 30 கணினி வந்து இறங்கியிருக்கிறது. டீலர் இன்றே முழுப் பணமும் கேட்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?

பி.ஓ.விலேயே ‘இறங்கியதும் 70 விழுக்காடு, சரிபார்த்த பின் ஏழு நாளில் 30 விழுக்காடு’ என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் இப்போது பேசிப் பாருங்கள்.

சீரியல் எண்களைப் பில்லோடு ஒத்துப் பாருங்கள், முப்பதையும். பிராண்டட் என்றால் நாலைந்து எண்களைக் கம்பெனி தளத்தில் போட்டு வாரண்டி தொடங்கிய தேதியைப் பாருங்கள். விநியோகஸ்தரிடம் கிடந்த நாளில் இருந்து ஓட ஆரம்பித்திருந்தால், பில்லை அனுப்பிக் கம்பெனியிடமே திருத்திக்கொள்ளலாம். மூன்று வருடம் என்று பில்லில் எழுதிவிட்டு, தளத்தில் ஒரு வருடம் காட்டினால் டீலர் நீட்டிப்பை வாங்கவே இல்லை என்று அர்த்தம். பணத்தை நிறுத்த இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

அடுத்து, எல்லாவற்றையும் போட்டு டாஸ்க் மேனேஜரில் பிராசஸர், ரேம், டிஸ்க் பெயரைப் பார்த்துச் செல்போனில் படமெடுத்து வையுங்கள். ஒரு கணினிக்கு இரண்டு நிமிடம், மொத்தம் ஒரு மணி நேரம். அசெம்பிள் என்றால் டீலர் தேர்ந்தெடுக்காத ஐந்தைத் திறந்து, எஸ்.எம்.பி.எஸ்., ரேம் லேபிளைக் கொட்டேஷனோடு ஒத்துப் பாருங்கள். இரவு முழுக்க ஐந்தாறு கணினியில் மெம்டெஸ்ட்86 ஓடட்டும். காலையில் ஒரு எர்ரர் வந்தாலும் ரேமை மாற்றச் சொல்லுங்கள். ‘ஒன்றுதானே’ என்பார்கள், ரேமில் அந்த ஒன்றே அதிகம். மானிட்டர் பெட்டியில் எச்.டி.எம்.ஐ. கேபிள் இருக்கிறதா, வி.ஜி.ஏ. மட்டும்தானா என்பதையும் எண்ணிவிடுங்கள். முப்பது கேபிள் தனியாக வாங்கும் செலவு யார் தலையிலும் எழுதப்பட்டிருக்காது.

அதே வாசகர்: பழைய 18 கணினிகளை எடைக்குப் போடலாமா?

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்ட பிறகுதான் எதையும் வெளியே விடலாம். ஃபார்மட் செய்தால் மட்டும் மாணவர், ஊழியர் விவரம் அழியாது. முழு டிஸ்க்கிலும் பூஜ்யம் எழுதும் மென்பொருளை ஓட்டுங்கள், அல்லது டிரில் போட்டுத் துளைத்துவிடுங்கள். மீதியை 2022 மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். தெருவில் வரும் பழைய இரும்புக்காரர் செம்புக்காக ஒயரை எரிப்பார், அந்தப் புகை உங்கள் பள்ளி மைதானத்துக்கும் வரும். ரேமை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். புதிய கணினிகளின் ரேம் டி.டி.ஆர்.4, பழையவற்றின் ரேம் டி.டி.ஆர்.3, ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. கீபோர்டு, மவுஸ் மட்டும் எடுத்து வையுங்கள், பள்ளியில் அவைதான் முதலில் தொலையும்.